வில்வ இலை எண்ணெய்: வேதி இயைபும் உயிரியல் செயல்திறனும்

முன்னுரை

தஞ்சாவூர் மாவட்டத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையில் அமைந்த திருக்காட்டுப்பள்ளி, நெல்வயல் சூழ்ந்த ஊர். அக்னீசுவரர் கோயில் கொண்ட சிவத்தலம். சிவவழிபாட்டுக்குரிய வில்வமும் நெற்களஞ்சியமும் காவிரிப் படுகையின் இத்தகைய ஊர்களில் அருகருகே உள்ளன. வில்வ இலை எண்ணெய் பூஞ்சைகளையும் தானிய வண்டுகளையும் கட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அம்முடிவுகளை இப்பகுதி நெல் சேமிப்புக்கு அப்படியே பொருத்த இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரமும் எண்ணெயும்

வில்வம், எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அடங்கிய ரூட்டேசி குடும்பத்தைச் சார்ந்தது. 1753இல் லின்னேயசு இதனைக் கிரட்டீவா பேரினத்தில் வைத்தார். 1800இல் கொரேயா ஈகிள் பேரினத்தை நிறுவியபின் ஈகிள் மார்மெலோஸ் என்னும் பெயர் நிலைபெற்றது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நுண்புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகளாகும். நீராவியால் வடிக்கும்போது எண்ணெய் ஆவியுடன் வெளியேறி, குளிர்ந்தபின் நீரின்மேல் மிதக்கிறது. இலையிலுள்ள ஈகெலின் போன்ற எளிதில் ஆவியாகாத சேர்மங்கள் அதனுடன் வருவதில்லை. ஆதலால் இலைக் கஷாயத்துக்குக் கூறப்படும் மருத்துவப் பயன்களை எண்ணெய்க்கு ஏற்றியுரைப்பது பொருந்தாது.

வேதிவகைகள்

2012இல் வெளியான ஆய்வொன்றில் நேபாள வில்வ இலை எண்ணெயில் லிமோனீன் ஏறத்தாழ 64 விழுக்காடு இருந்தது. இந்திய மாதிரிகள் சிலவற்றில் ஆல்பா-பெலாண்ட்ரீன் முதன்மைக் கூறாகப் பதிவாகியுள்ளது. இரண்டின் மூலக்கூறு வாய்பாடும் C₁₀H₁₆ என்பதே. மூலக்கூறு நிறையும் 136 ஆகும். இரட்டைப் பிணைப்புகளின் இடம் மட்டுமே வேறு. பெலாண்ட்ரீனில் அவை வளையத்துக்குள் ஒன்றுவிட்டொன்றாக அமைந்திருப்பதால் அது காற்றில் விரைவாகச் சிதைகிறது. லிமோனீனும் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடையும். அதன் விளைபொருள்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. இவ்வாறு ஒரே சிற்றினத்தின் மரங்கள் வேறுவேறு இயைபுடைய எண்ணெயைத் தருவது வேதிவகை வேறுபாடு எனப்படும். மரபுக்கூறோடு இலையின் முதிர்ச்சியும் பருவமும் இயைபைப் பாதிக்கின்றன.

செயல்திறன் ஆய்வுகள்

ரானா, சிங், தனேஜா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 500 பிபிஎம் செறிவில் இவ்வெண்ணெய் சோதித்த பூஞ்சைகள் அனைத்தின் வித்து முளைப்பையும் முற்றிலும் தடுத்தது. துவரையில் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் உடம் அவற்றுள் மிகுந்த தாங்குதிறன் காட்டியது. 400 பிபிஎம் செறிவில் அதன் முளைப்பு 80 விழுக்காடு தடுக்கப்பட்டது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, கடலையில் பயறு வண்டையும், கோதுமையில் அரிசிக் கூன்வண்டு, தானியத் துளைப்பான், சிவப்பு மாவு வண்டு ஆகியவற்றையும் இவ்வெண்ணெய் கட்டுப்படுத்தியதைக் காட்டியது.

நெல் சேமிப்புக்குப் பொருத்துதல்

கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடிலிருந்து வெளிப்படும் பாஸ்பீன் வாயு பெரிதும் பயன்படுகிறது. அதனை எதிர்த்து வாழும் வண்டினங்கள் இந்தியாவிலும் பதிவாகியுள்ளன. ஆகவே மாற்றுப்பொருள் தேடல் அவசியமானது. எனினும் கோதுமையில் பெற்ற அளவை நெல்லுக்கு மாற்ற இயலாது. நெல்மணியை உமி மூடியுள்ளது. அது வண்டின் நுழைவைத் தடுப்பதோடு எண்ணெயின் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் விரைந்து ஆவியாவதால் திறந்த குதிரிலும் மூடிய கலனிலும் விளைவு ஒன்றாயிராது. அரிசியில் தங்கும் மணமும் விதைநெல்லின் முளைப்புத்திறனும் சோதிக்கப்பட வேண்டியவை.

ஆதலால் முதற்பணி, டெல்டா மரங்களின் இலைகளைப் பருவவாரியாகத் திரட்டி, வாயு வண்ணப்பிரிகை – நிறை நிறமாலையியல் முறையில் வேதிவகையை வரையறுப்பதாகும். மாற்றியங்களின் நிறை ஒன்றே என்பதால் தக்கவைப்புக் குறியீட்டையும் உடன் ஒப்பிடுதல் வேண்டும். அதன்பின் அவ்வெண்ணெயைக் கொண்டே, நெல்லிலேயே வண்டுச் சோதனை நிகழ்த்தப்பட வேண்டும்.

முடிவுரை

‘வில்வ எண்ணெய்’ என்னும் பெயர் ஒற்றை வேதிப்பொருளைக் குறிப்பதன்று. இயைபு குறிப்பிடப்படாத செயல்திறன் முடிவு, அம்மாதிரி எடுக்கப்பட்ட மரத்துக்கு அப்பால் செல்லாது. உழவர் தம் விளைச்சலை நம்பி ஒப்படைக்கக்கூடிய பரிந்துரை, எண்ணெயின் இயைபு, தானியத்தின் வகை, கலனின் தன்மை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கூறுவதாக அமைதல் வேண்டும்.