ஒய்.ஏ. நம்பர் வாங்கிப் பறந்த ஐபோன்கள்

2025 ஏப்ரலில் ஐபோன் தயாரிக்கும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலை ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓடியது. சீனப் பொருள்கள் மீது டிரம்ப் போட்ட வரி ஏறிக்கொண்டே போக, இந்தியாவில் தயாரான ஐபோன்களை முந்திக்கொண்டு அமெரிக்காவில் இறக்கிவிட ஆப்பிள் அவசரப்பட்டது. மார்ச் முதல் சுமார் ஆறு சரக்கு விமானங்கள் இதற்கென்றே பறந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. ஒவ்வொன்றும் 100 டன் தாங்கும். பெட்டி, சார்ஜர் வயரோடு சேர்த்து ஒரு போன் 350 கிராம் அளவில்தான் இருக்கும். ராய்ட்டர்ஸ் கணக்கில் மொத்தம் 15 லட்சம் போன்கள் வரை போயிருக்கலாம். சென்னையில் 30 மணி நேரம் பிடித்த சுங்க நடைமுறை 6 மணி நேரமாகச் சுருங்கியது. கடைசியில் ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவே ஸ்மார்ட்போன்களுக்கு அந்தப் புதிய வரியிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது என்பது தனிக்கதை!

ஆலையைப் பற்றியும் வரியைப் பற்றியும் எல்லோரும் பேசினார்கள். அந்த விமானங்கள் இங்கே இறங்க வழிவிட்ட சட்டத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

நாள், நேரம் குறித்துப் பறப்பவை அட்டவணைச் சேவைகள். அவற்றுக்கு இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் வரும் சார்ட்டர் விமானத்தின் கதை வேறு. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு அதற்குத் தாராளமாகவே வழிவிடுகிறது. ஆனால் கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றுவதென்றால், நிபந்தனை போடும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு. இந்தியாவில் அந்தக் கடிவாளம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கையில். வெளிநாட்டுச் சார்ட்டருக்கு அனுமதி கிடைத்ததன் அடையாளம் 'ஒய்.ஏ. நம்பர்'. விமானப் பயணத் திட்டத்தில் அந்த எண் இருக்க வேண்டும். அது இல்லாமல் சரக்கும் பணமும் தயாராக இருந்து பயனில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே சரக்கு விமானங்கள் தடையின்றி வந்துபோகலாம் என்ற 'திறந்த வானம்'தான் நம் கொள்கையாக இருந்தது. 2020 அக்டோபரில் மத்திய அரசு அதைச் சுருக்கியது. வெளிநாட்டு நிறுவனங்களின் அட்டவணை சாராத சரக்கு விமானங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு ஊர்களில் மட்டும் இறங்கலாம் என்றது. சர்வதேச சரக்கில் பெரும்பங்கை அந்நியர்களே அள்ளிக்கொண்டு போகிறார்கள், நம்மவர்களும் பிழைக்க வேண்டாமா என்பது அரசின் வாதம். நியாயம்தான். ஆனால் அமெரிக்கா வரை போகும் பெரிய சரக்கு விமானம் நம் நிறுவனங்களிடம் அரிது. சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட்டின் போயிங் 757-கூட அந்தத் தூரத்துக்கானது அல்ல. இல்லாத விமானத்துக்காக இருக்கும் வாசலை அடைப்பதில் என்ன லாபம்?

அன்றைய பட்டியலில் கோவை இல்லை, திருச்சி இல்லை. திருப்பூர்க்காரருக்குத் துணி அனுப்ப அவசரமாக வெளிநாட்டுச் சார்ட்டர் தேவைப்பட்டால், லாரியில் ஏற்றிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்க்காரருக்குச் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் பக்கம். ஒரகடத்துக் கார் ஆலையில் ஒரு உதிரிபாகம் வராமல் உற்பத்தி லைன் நின்றுபோகும் நிலை வந்தால், அதை வெளிநாட்டிலிருந்து சார்ட்டர் விமானத்திலேயே வரவழைக்கலாம். முதலீட்டாளர் மாநாடுகளில் இந்த வசதியை யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. நிலம், மின்சாரம், துறைமுகம் என்றே பேச்சு ஓடும்.

இதே வட்டாரத்தில், பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்தார்கள். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் நிலத்தை விடமாட்டோம் என்று போராடி வருகிறார்கள். அந்த விவகாரத்தை ஒரு பத்தியில் அடக்க முடியாது. எதிர்ப்பையும் மீறி அந்த விமான நிலையம் கட்டப்பட்டால், வெளிநாட்டுச் சரக்குச் சார்ட்டர் அங்கே இறங்க 'சென்னை' என்ற பெயரே போதுமா, டெல்லியிலிருந்து புதிதாக ஒரு உத்தரவு வாங்க வேண்டுமா என்பதை ஒரகடத்து ஏற்றுமதியாளர்கள் இப்போதே விசாரித்து வைக்கலாம்.