வெட்டுக்கு முன்னும் பட்டுவாடாவுக்குப் பின்னும்

2 2 2 2 2. இந்த வரியில் எத்தனை எண்கள் இருக்கின்றன?

வாய் 'இரண்டு' என்று சொல்லத் துடிக்கும். சரியான விடை ஐந்து. கண்ணில் படும் எண்ணை அடக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு வரிகள் என்றால் விளையாட்டுதான். வரிசையாக வந்துகொண்டே இருந்தால், கவனத்தை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும்.

விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் இந்தச் சோதனை நடத்தப்பட்டது. கரும்பு வெட்டுக்கு முன்பு ஒரு முறை, ஆலைக்கு அனுப்பிப் பணம் கைக்கு வந்த பிறகு இன்னொரு முறை. முடிவுகள் 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை அது. ஒருவரின் மனப்பாங்கும் வேலைத்திறனும் எங்கிருந்து வருகின்றன என்ற விவாதம் எங்கே நடந்தாலும், நம் கரும்புக்காட்டில் நடந்த இந்த ஆய்வு இன்றும் பேச்சில் வந்துவிடுகிறது.

அந்த ஆய்வின் களத்தைக் கச்சிராயபாளையத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலையடிவாரம், பக்கத்தில் கோமுகி அணை, ஊரை வைத்து அடையாளம் சொல்லப்படும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதியும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கரும்பு போட்டவர் பிழைப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். கரணை நட்டு, களையெடுத்து, மண் அணைத்து, சோகை உரித்து, பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் போல வருமானம் வராது; வந்தால் மொத்தமாக வரும். கரும்பு முற்றிவிட்டது என்பதற்காக நாமே வெட்டிவிடவும் முடியாது. ஆலையின் அரவைத் திறனைப் பொறுத்து வெட்டு உத்தரவு வர வேண்டும். ஒருவருக்கு முன்னால் வரும். பக்கத்துக் காட்டுக்காரருக்கு வாரக்கணக்கில் தள்ளிப் போகும். அதற்குள் உரக்கடை பாக்கி நெருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்து நிற்கும். பீரோவில் இருக்கும் நகை அடகுக்கடைக்குப் போகும்.

ஆய்வாளர்கள் எடுத்த கணக்கு இதைத்தான் காட்டுகிறது. வெட்டுக்கு முன்பு நூற்றுக்கு 99 பேருக்குக் கடன் இருந்தது. பணம் வந்த பிறகு 13 பேருக்கு. முந்தைய 15 நாளில் எதையாவது அடகு வைத்தவர்கள் வெட்டுக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர். பின்பு 4 பேர்.

கடன் குறைந்தது யாரும் எதிர்பார்க்கக் கூடியதுதான். சோதனை மதிப்பெண்தான் வியக்க வைத்தது. விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் 'ரேவன்' சோதனையில் பத்துக் கேள்விகளுக்கு வெட்டுக்கு முன்பு சராசரியாக 4.35 சரியான விடைகள். பணம் வந்த பிறகு அதே விவசாயிகள் 5.45 எடுத்தார்கள். எண்களை எண்ணும் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடிகள் ஆயின, பின்பு 131. தவறுகளும் குறைந்தன. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. கடன் அடைந்தது, அவ்வளவுதான்.

'ஒரு முறை செய்து பழகிவிட்டதால் இரண்டாம் முறை நன்றாகச் செய்திருப்பார்கள்' என்று தோன்றலாம். அதற்காகவே 100 விவசாயிகளை முதல் சுற்றில் சேர்க்காமல், வெட்டு முடிந்த பிறகே முதன்முறையாகச் சோதித்தார்கள். பழக்கம் காரணமல்ல என்று தெரிந்தது. பருவம் மாறியது காரணமா? இங்கேதான் வெட்டு உத்தரவு ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது. ஒரே மாதத்தில், ஒரே வெயிலில், ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும், இன்னொருவர் காத்திருப்பார். இருவரையும் ஒப்பிட முடிந்தது. விவசாயிக்கு எரிச்சல் தரும் ஏற்பாடு ஆய்வாளருக்கு வரமாக அமைந்தது, என்ன செய்ய! வெட்டுக்கு முன்பு சாப்பாடு குறைந்திருக்குமோ என்றும் பார்த்தார்கள். அதுவும் இல்லை.

மிஞ்சியது ஒன்றே. பணக்கவலை மனத்தின் ஒரு பகுதியை எந்நேரமும் பிடித்து வைத்திருக்கிறது. வட்டி தேதி, அடகுச்சீட்டு, யாரிடம் கேட்கலாம், யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால், மற்ற வேலைகளுக்கு மீதிக் கவனம்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட ஒரு விவசாயியை வெட்டுக்கு முந்தைய வாரம் ஒரு தன்னம்பிக்கைப் பயிலரங்கில் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? 'மனம் வைத்தால் மலையையும் நகர்த்தலாம்' என்று மேடையில் ஒருவர் முழங்குவார். கல்வராயன் மலை இருந்த இடத்திலேயே இருக்கும். கூட்டம் முடிந்ததும் 'நமக்குத்தான் முனைப்பு இல்லை' என்ற குற்ற உணர்வை மட்டும் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போவார்.

அதற்காக மனப்பாங்கு என்பதே வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அந்த மேடைப் பேச்சுக்கெல்லாம் மூலமாக இருப்பது உண்மையான ஆய்வு. உளவியலாளர் கேரல் டுவெக், கிளாடியா மியூலருடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் சில புதிர்களைக் கொடுத்து, பிறகு பாராட்டினார்கள். சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள். வேறு சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அடுத்து கடினமான புதிர்கள், எல்லாரும் திணறினார்கள். கடைசியில் மறுபடியும் எளியவை. 'புத்திசாலி' என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். இன்னொன்றும் நடந்தது. மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

திறமை பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்று நம்புபவர் தோல்வியைத் தன் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். திறமை வளரும் என்று நம்புபவர் வேறு வழியைத் தேடுகிறார். 2006-இல் டுவெக்கின் புத்தகம் வந்ததும் இது அலுவலகங்களுக்குள் நுழைந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் தலைமைக்கு வந்த ஐதராபாத்துக்காரர் சத்யா நாதெல்லா இதையே நிறுவனத்தின் மந்திரமாக்கினார். பிறகு கேட்க வேண்டுமா? பயிலரங்கத் தொழில் கொழித்தது.

அளந்து பார்த்தவர்கள் சொல்வது அடக்கமானது. 2018-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனப்பாங்குப் பயிற்சியால் கிடைத்த சராசரிப் பலன் மிகச் சிறியது என்று தெரிந்தது. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி கொடுத்த ஆய்வு 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. படிப்பில் பின்தங்கியவர்களின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. ஒரு மணி நேரச் செலவுக்கு அது லாபம்தான். மலையை நகர்த்தும் சக்தி என்று சொல்வதற்கில்லை. அதே குழுவினர் பின்னர் கண்டது இன்னும் முக்கியமானது: தன் மாணவர்களின் திறமை வளரும் என்று ஆசிரியரும் நம்பிய வகுப்புகளில்தான் பலன் நின்றது. கரணை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் களர்நிலத்தில் முளைக்காது.

மண் எப்படிக் களராகிறது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, தீர்க்கும் ஒவ்வொன்றுக்கும் காசு தந்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது எல்லாச் சாதிச் சிறுவர்களும் ஒரே அளவில் தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. ஆய்வு வெளியான ஆண்டு 2006. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கீழே இறங்கி வந்து படிக்கும் பிள்ளையிடம் 'மலையிலேருந்து வந்தவன்தானே' என்று வகுப்பில் ஒரு வார்த்தை விட்டால் போதும். அதை ஒரு தன்னம்பிக்கைச் சுவரொட்டி ஈடுகட்டாது.

வேலைக்கு வருவோம். மனப்பாங்கைக் கற்றுக் கொடுக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் கிடைத்தது. 1,500 சிறு வியாபாரிகள் மூன்று பிரிவானார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு வழக்கு, விற்பனை என்று வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, யாரும் சொல்வதற்கு முன்பே தானே தொடங்குவது, தடை வந்தால் மாற்று வழி யோசிப்பது என்ற முன்முயற்சிப் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. 2017-இல் வெளியான முடிவின்படி முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது; வணிகப் பயிற்சியால் கூடியது 11 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. இது மேடை முழக்கம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரவர் கடையை வைத்தே என்ன செய்யலாம் என்று யோசித்து, செய்து பார்க்க வைத்த பயிற்சி.

ஒடிசாவில் மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள்: மனப்பாங்கைத் தொடாமல் பணக்கவலையை மட்டும் குறைத்தால் வேலை எப்படி நடக்கும்? இலைத்தட்டு தைக்கும் 408 கூலித் தொழிலாளர்கள். தைத்த தட்டுக்கு ஏற்ற கூலி. சிலருக்கு மட்டும், அதுவரை சேர்ந்திருந்த கூலியைக் கடைசி நாளுக்குச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை, வருவது முன்னால் வந்தது. கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம் கூடுதலாகத் தைத்தார்கள். அவர்களிலும் அதிக வறுமையில் இருந்தவர்களிடம் பலன் இன்னும் பெரிது. கவனப்பிசகுகளும் குறைந்தன. செந்தில் முல்லைநாதன் இந்த ஆய்விலும் ஒருவர்.

பணத்தைப் போலவே தூக்கத்தையும் சோதித்தார்கள். சென்னையில் 452 பேருக்குத் தகவல் பதிவு வேலை கொடுத்து நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் அவர்கள் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது; வேலைத்திறன் கூடவில்லை. அலுவலகத்திலேயே மதியம் அரை மணி நேரம் குட்டித்தூக்கம் போட்டவர்களோ, சும்மா ஓய்வெடுத்தவர்களைவிட நன்றாக வேலை செய்தார்கள். மதியம் கண்ணயர்பவரைச் சோம்பேறி என்று முத்திரை குத்தும் மேலாளர்கள் இதைப் படிக்கலாம்.

கரும்பு ஆய்வுக்கும் மறுப்புகள் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைக் குடும்பங்களைச் சோதித்த 2016 ஆய்வில் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. இதே கருத்தை ஒட்டிய வேறு பல சோதனைகளை 2021-இல் திரும்பச் செய்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் பழைய முடிவு வரவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவரின் கடைசி மூன்று நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பணம் பார்க்கும் கரும்பு விவசாயியின் கடைசி மூன்று மாதமும் ஒன்றாகிவிடாது. விளைவின் அளவைப் பற்றிச் சண்டை நடக்கட்டும். வேலைத்திறன் முழுக்க அவரவர் மன உறுதியின் விஷயம் என்ற வாதம் மட்டும் இனி எடுபடாது.

கரும்புப் பணம் நேரத்துக்குக் கைக்கு வரத் தேவையான சட்டம் புதிதாக வர வேண்டியதும் இல்லை. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஆலைக்கு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். அடுத்த அரவைப் பருவம் தொடங்கும்போது, யாருக்கு எந்த வாரம் வெட்டு உத்தரவு, எந்தத் தேதியில் பட்டுவாடா என்பதை ஆலைகள் முன்கூட்டியே எழுதி அலுவலக வாசலில் ஒட்டட்டும். ஊழியர்களுக்கு ஊக்கப் பயிற்சி ஏற்பாடு செய்யும் மற்ற நிறுவனங்களும், பேச்சாளரை அழைக்கும் முன்பு, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போடப்பட்டது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.