சக்கரத்தின் பழைய வர்ணத்தை உரிக்கும்முன்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைத் தாங்குகிற சகோதரர் அநேகர் உண்டு. திருமலைக்கு 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையும் 1974இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாதையும் அவர்களுக்குப் பழக்கமானவை. இறக்கத்தில் ஓயாமல் பிரேக் மிதிக்கும்போது, தேய்ந்த இரும்புத்துகள் சூட்டோடு வீலில் ஒட்டி வர்ணத்தை அரிக்கிறது. அரித்த இடத்தில் மழைநீர் நுழைய, வர்ணம் கொப்புளித்து உதிர்கிறது.

அப்பொழுது நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி, பழையதின்மேல் புதியதைப் பூசிவிடுகிறோம். மினுமினுப்பு வருகிறது, உள்ளிருக்கும் துரு நீங்குவதில்லை. விரிசல் இருந்தால் அதுவும் மறைந்துபோகிறது. ஆகையால் வர்ணத்தை உரிப்பது அலங்காரத்துக்கான வேலை மாத்திரமல்ல, வீலைச் சோதித்துப் பார்க்கும் வேலையுமாயிருக்கிறது.

எதனால் ஆனது என்று அறியுங்கள்

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு; ஒட்டாவிட்டால் அலுமினிய அலாய். அலாய் வீலில் காஸ்டிக் சோடாவை ஒருபோதும் பயன்படுத்தாதிருங்கள். அது அலுமினியத்தையே கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். நெருப்பு விளக்கால் சூடேற்றி உரிப்பதும் தகாது. அலாய் வீல்கள் பதமான சூட்டில் வைத்து உறுதியாக்கப்பட்டவை. மிகுந்த வெப்பம் அந்த உறுதியைக் கெடுத்துவிடும்.

உரிக்கும் விதம்

சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்புறச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, நட்டுகளைச் சற்றே தளர்த்தியபின் ஜாக்கியை ஏற்றுங்கள். ஒரு வீலைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினால் வண்டி அந்தரத்தில் நிற்காது. டயரைப் பிரித்துவிடுவது உத்தமம். இயலாவிட்டால் காற்றைச் சற்றுக் குறைத்து, பழைய அட்டைகளை டயருக்கும் விளிம்புக்கும் நடுவே செருகுங்கள்.

சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, பெயிண்ட் ரிமூவரைத் தடவுங்கள். வர்ணம் சுருங்கி எழும்பியபின் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். வாங்குமுன் டப்பாவில் மெத்திலின் குளோரைடு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய குளியலறைகளில் அதைப் பயன்படுத்தி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலே வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவர்களில் அதை 2019இல் தடைசெய்தார்கள். எந்த ரிமூவரானாலும் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திச் செய்யுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகையால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். தூசி பறக்காது.

நின்று பாருங்கள்

உலோகம் வெளிப்பட்டவுடன் பிரைமரைத் தேடாதிருங்கள். வெளிச்சத்தில் உட்புறத்தையும் நட்டுத் துளைகளைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் கண்டால் அந்த வீல் இனி சாலைக்கு உரியதல்ல. பற்றவைத்து ஓட்டவேண்டாம், மாற்றிவிடுங்கள். குடும்பங்கள் அதை நம்பி ஏறுகின்றன.

பூசும்போது

இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமரும் அலுமினியத்துக்கு எப்பாக்ஸி பிரைமரும் ஏற்றவை. 180ஆம் எண் தாளில் தொடங்கி 400இல் முடித்து, தின்னரால் துடைத்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை அடியுங்கள். சித்திரை வெயிலில் உலோகம் கொதிக்கும். துளிகள் படியுமுன்னே உலர்ந்து சொரசொரப்பாகும். ஐப்பசி மழையின் ஈரமோ வர்ணத்தை வெளுத்துப்போகச் செய்யும். காலை வெயிலுக்குப்பின், நிழலில் செய்வது நலம்.

ஒன்றை மறவாதிருங்கள். நட்டு அமரும் குழியிலும் அச்சோடு பொருந்தும் பின்முகத்திலும் வர்ணம் பட விடாதீர்கள். முன்னமே டேப் ஒட்டி மூடுங்கள். அங்கே படிந்த கனத்த பூச்சு ஓட்டத்தில் நசுங்க, இறுக்கிய நட்டு தளர்ந்துவிடும். மலைப்பாதையின் வளைவில் அது நேர்ந்தால் என்னவாகும்?

நன்றாய் உலர்ந்தபின் நட்டுகளை எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் சரிபாருங்கள். பளபளப்பைக் காண்கிறவர்கள் பாராட்டுவார்கள். அந்த இறுக்கத்தையோ ஒருவரும் காணமாட்டார்கள். வீட்டுக்குப் பத்திரமாய்த் திரும்பச் செய்வது அதுவே.