இமயமலைச் சாலமாண்டர்

இமயமலைத் தொடரின் கிழக்குப் பகுதியில், டார்ஜிலிங், சிக்கிம், நேபாளச் சரிவுகளில் வாழ்கிறது இந்தச் சாலமாண்டர். தோற்றத்தில் பல்லி, உறவில் தவளைக்கு நெருக்கம். தென்னிந்தியாவில் சாலமாண்டர் இனம் எதுவும் கிடையாது.

ஆண்டின் பெரும்பகுதியை ஈரக் கல்லுக்கும் மட்கிய மரத்துக்கும் அடியில் ஒளிந்தே கழிக்கும். மழை பிடித்ததும் குளத்துக்கு இறங்கி, நீர்ச்செடிகளில் முட்டையிடும். குஞ்சின் தலையோரம் இறகுபோல விரிந்த செவுள்கள் வெளியே தெரியும். வளர வளர அவை சுருங்கி மறையும், அதன்பிறகே கரையேறும். புழு, பூச்சி, நத்தை இதன் இரை. முதுகின் இருபுறமும் வரிசையாகப் புடைப்புகள். இழந்த காலும் வாலும் மறுபடி முளைப்பது வியக்கத்தக்க ஆற்றல்.

முன்பு வேறோர் இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்ட இது, 2015இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் இதற்கென்றே ஒரு சரணாலயம் உண்டு. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே, வயலோரத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உள்ள சிறு குட்டைகளிலும் இது இனப்பெருக்கம் செய்கிறது. அவற்றைத் தூர்ப்பதும், அவற்றில் வளர்ப்பு மீன்களை விடுவதும் இதன் பெரிய ஆபத்துகள்: மீன்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்.