கண்ணாடித் தொட்டிக்குள் தோட்டம்! குமாஸ்தாவின் போனசை விழுங்கிய 2 அடி தண்ணீர்

சென்னை:- மீன் வளர்ப்பது பழைய கதை. இப்போது தண்ணீருக்குள் செடி வளர்க்கிறார்கள். புல்வெளி, பாறை, சின்னக் காடு, அதன் நடுவே நீலமும் சிவப்புமாய் மின்னும் பொடி மீன்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். இந்தத் தொட்டி முன்னால்தான் கூட்டம் நிற்கும். பார்ப்பதற்குக் காசு இல்லை. வாங்கினால்தான் ஆபத்து.

பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் பெரம்பூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். 2023 தீபாவளி சமயம். கையில் போனஸ் ரூ.18 ஆயிரம். மகளுக்கு ஒரு ஜோடி கோல்டு பிஷ் வாங்கித் தரலாம் என்று கொளத்தூர் போனார். திரும்பி வந்தது குட்டியானையில்!

'5 ஆயிரத்துல முடிச்சிடலாம் சார்'

"5 ஆயிரத்துல முடிச்சிடலாம் சார்" என்றுதான் கடைக்காரர் ஆரம்பித்தார். அது பொய் இல்லை. வெறும் தொட்டியும் மீனும் என்றால் அதற்குள் முடியும். செடி என்று வந்ததும் கணக்கு மாறிவிட்டது.

அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது:-

2 அடிக்கு 1 அடி கண்ணாடித் தொட்டி ரூ.1,200. இரும்பு ஸ்டாண்டு ரூ.1,800. செடி வேர் பிடிக்கும் ஸ்பெஷல் மண் 2 மூட்டை ரூ.3,600. எல்.இ.டி. விளக்கு ரூ.2,400. பில்டர் ரூ.1,900. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் ரூ.5,500. கல், மரக்கட்டை ரூ.900. செடிகள் ரூ.1,500. நியான் டெட்ரா மீன் 25, ரூ.750. கத்தரி, இடுக்கி, உர பாட்டில், தெர்மாமீட்டர் ரூ.850.

ஆக மொத்தம் ரூ.20,400!

போனசுக்கு மேல் போனதைச் சீட்டுப் பணத்தில் கை வைத்துச் சமாளித்தார். வீட்டில் சொன்ன கணக்கு ரூ.6 ஆயிரம்.

இந்தக் கணக்கில் பெரிய அயிட்டம் எது என்று பாருங்கள். மீன் இல்லை, கண்ணாடி இல்லை. மண்ணும் காற்றும்தான்!

காற்றுக்கு ஏன் காசு?

செடிக்குச் சாப்பாடு கார்பன் டை ஆக்சைடு. வெளியே இருக்கிற செடி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அது குறைவு. அதனால் சிலிண்டரிலிருந்து டியூப் வழியாக, வினாடிக்கு ஒன்றிரண்டு குமிழியாக விடுகிறார்கள். அடர்ந்த புல்வெளி, சிவப்பு இலைச் செடி இதெல்லாம் வேண்டும் என்றால் இது தேவை. அனுபியாஸ், ஜாவா பெர்ன், ஜாவா பாசி, இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டியை போன்றவை சிலிண்டர் இல்லாமலே வளரும். மெதுவாக வளரும், அவ்வளவுதான். இதைக் கடையில் முதலில் சொல்பவர்கள் குறைவு.

இந்தத் தோட்டக் கலையை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ. ஒரு காலத்தில் சைக்கிள் பந்தய வீரர். பிறகு போட்டோகிராபர். 1982-ல் இதற்கென்றே கம்பெனி தொடங்கினார். 2015-ல் இறந்தார். அவர் போட்ட பாதைதான், இன்று கொளத்தூர் வரை வந்திருக்கிறது.

பொங்கலுக்குப் போன இடத்தில்...

நம் குமாஸ்தா கதைக்கு வருவோம். ரெகுலேட்டரில் 'சோலனாய்டு' என்று ஒரு சமாசாரம் உண்டு. விளக்கை டைமர் அணைக்கும்போது வாயுவையும் அதுவே நிறுத்திவிடும். அதற்குக் கூடுதலாக ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். "கையாலயே மூடிக்கிறேன்" என்று மிச்சம் பிடித்தார்.

2 மாதம் ஒழுங்காக மூடினார். 2024 பொங்கலுக்கு ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டார்.

இருட்டில் செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளாது. அது மட்டுமில்லை, மீனோடு போட்டி போட்டு அதுவும் ஆக்சிஜனைக் குடிக்கும். ராத்திரியும் வாயு இறங்கிக்கொண்டே இருந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு சாகும்.

3 நாள் கழித்துக் கதவைத் திறந்தார்கள். நாற்றம். 25 மீனில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. செடிகள் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றன. அன்றைக்கு மகள் சாப்பிடவில்லை.

அதே வாரத்தில் கரண்ட் கார்டைத் தேடிய வீட்டுக்காரம்மா கையில் அந்த நோட்டு சிக்கியது. அப்புறம் நடந்ததை அவர் சொல்ல மறுக்கிறார்.

மாசச் செலவு எவ்வளவு?

வாங்கும்போது ஆகும் செலவை எல்லோரும் கேட்கிறார்கள். மாசச் செலவைக் கேட்பதில்லை.

30 வாட் விளக்கு தினம் 8 மணி நேரம், 10 வாட் பில்டர் நாள் பூராவும். மாதம் 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 2 மாத பில்லில் சுமார் 29 யூனிட். சின்ன விஷயம்தான். ஆனால் 480 யூனிட்டில் நிற்கிற வீட்டை இது 500-க்கு மேல் தள்ளிவிட்டால், கீழே கிடைக்கிற சலுகையில் ஒரு பங்கு போய்விடும்.

அடுத்தது தண்ணீர். வாரம் ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டும். 2 அடித் தொட்டி முழுக்க ஊற்றினால் 56 லிட்டர். அப்படியென்றால் வாரம் 18, 19 லிட்டர். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். மெட்ரோ தண்ணீரில் குளோரின். அதற்கு மருந்துச் சொட்டு விட வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று குமாஸ்தா கேன் தண்ணீரைக் கலந்து ஊற்றினார். வாரம் ஒரு கேன், 40 ரூபாய்.

"ஏங்க, நாம குடிக்கிற தண்ணியையே காசு கொடுத்து வாங்குறோம். பாசிக்குமா கேன் போடணும்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஏரிகள் வற்றிய 2019 கோடையில் இந்தத் தொட்டி வைத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

சிலிண்டர் நிரப்ப ரூ.400, அது சுமார் 3 மாதம் வரும். உரம், தீனி எல்லாம் சேர்த்து மாதம் ரூ.600-ஐத் தொடுகிறது. செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்குவது தனி.

வெயில் வந்தால் வில்லங்கம்

மே மாத சென்னையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி தாண்டும். பல செடிகளுக்கு 24 முதல் 28 வரைதான் சுகம். இலை கண்ணாடி மாதிரி ஆகிக் கரையும். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் தொட்டியைப் போலப் பல மடங்கு விலை. ஏழைக்கு ஏற்றது சின்ன பேன்; தண்ணீர்மேல் வீசவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும். மறுபடியும் கேன்!

இன்னொரு தலைவலி பாசி. பளிச்சென்று தெரியட்டும் என்று 12 மணி நேரம் விளக்கு எரிய விட்டால் கண்ணாடி பச்சையாகிவிடும். 6 முதல் 8 மணி நேரம் போதும். பாசி தின்னும் என்று 'டேங்க் கிளீனர்' மீனை வாங்கி விடுகிறவர்கள் உண்டு. விரல் நீளத்தில் வருவது முழங்கை நீளம் வளர்ந்து செடியைப் பிடுங்கிப் போடும். அதை ஏரியில் கொண்டுபோய் விடுவது அதைவிட மோசம். ஏரி மீனவர் வலையைக் கிழிப்பது இந்த முள் மீன்தான்.

மாடி வீட்டுக்காரர்களும் கவனிக்க. தண்ணீர், மண், கல், கண்ணாடி சேர்ந்து இந்தச் சின்னத் தொட்டியே 80 கிலோவை நெருங்கும். ஆட்டமில்லாத ஸ்டாண்டும் அடியில் தெர்மோகோல் ஷீட்டும் இல்லாவிட்டால் ஒரு ராத்திரி வீடு பூராவும் குளம்.

இப்போது எப்படி?

பெரம்பூர் தொட்டி மூடப்படவில்லை. சிலிண்டரைக் கழற்றிவிட்டார்கள். புல்வெளி மஞ்சளாகிப் போனது, பிடுங்கி எறிந்தாகிவிட்டது. அந்த இடத்தில் கட்டையில் கட்டிய அனுபியாஸ், ஜாவா பெர்ன், ஒரு மூலையில் பாசி. 10 கப்பி மீன் விட்டு, அது குட்டி போட்டுப் பெருகிவிட்டது. கேன் தண்ணீர் நிறுத்தம். கப்பிக்குக் கொஞ்சம் உப்பான தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. மாசச் செலவு கரண்டோடு சேர்த்து ரூ.150-க்குள். தீனி போடுவது மகள். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது, யாரும் கேட்காமலே, வீட்டுக்காரம்மா!

சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விற்கலாம் என்று அதே கொளத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார் குமாஸ்தா.

"5,500-க்கு வாங்கினது சார். 2 ஆயிரத்துக்குக் கேக்குறாங்க" என்கிறார்.