கூதிர் காலத்துக்கு ஒரு வேர் வாசனை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் காரியாபட்டியைக் கடப்பவர்க்கு, ஆண்டின் பெரும்பகுதியில் அந்நிலம் தருவது வெயிலின் நெடியும் கரிசல் புழுதியின் நெடியுமேயாகும். ஆயினும் ஐப்பசி பிறந்து பருவமழை இரண்டொரு முறை இறங்கி, பருத்திக் காடுகளும் மிளகாய்த் தோட்டங்களும் ஈரம் கோத்து, சீமைக் கருவேலங்களின் மேல் விடியற்பனி படிந்து, மார்கழியில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித் தாழும்போது, அவ்வூரின் காற்றே வேறாகிவிடுகிறது. அந்தக் குளிரிலும், முதற் பேருந்துக்கு நிற்கும் ஆண்மக்களில் பலர் சித்திரையில் தடவிய அதே எலுமிச்சை வாசனைச் சென்ட்டைத் தடவிக்கொண்டு நிற்பதைக் காணும்போதெல்லாம், பருவத்துக்கு ஏற்ற பரிமளம் என்னும் விஷயத்தில் இப்பாண்டிய நாட்டு முன்னோர் எத்துணை நுண்ணுணர்வு படைத்திருந்தனர் என்ற நினைவு எனக்கு எழாமல் இருப்பதில்லை.

நான் கருதுவது நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய அந்நூல், 188 அடிகளுக்குள் பாண்டியன் தலைநகரின் கூதிர் என்னும் குளிர்காலத்தைத் தீட்டிக் காட்டுகிறது. வடநாட்டார் கொணர்ந்த சந்தனம் அரைக்கும் வட்டக்கல், தென்திசைச் சந்தனத்தோடு சேர்ந்து பயனின்றிக் கிடக்க, மாதர் நெருப்பு மூட்டி அகிற்கட்டையையும் வெள்ளயிர் என்னும் புகைப்பொருளையும் புகைக்கின்றனர் என்று அதில் ஒரு காட்சி வருகிறது. வேனிலில் உடம்பைக் குளிர்வித்த சாந்து வாடைக் காற்றில் வேண்டாததாயிற்று. அதன் இடத்தில், கட்டையின் கனத்த மணம் புகையாய் வந்து கூந்தலிலும் ஆடையிலும் தங்கிற்று. வாசனையைப் பருவத்தோடு மாற்றிக்கொள்வது மேனாட்டு நாகரிகம் என்று நினைப்போர் இக்காட்சியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இதன் காரணத்தை இன்றைய ரசாயன சாஸ்திரம் எளிதாகவே விளக்கிவிடுகிறது. ஒரு பொருளின் மணம் நம் மூக்கை எட்டுவது, அதன் அணுத்திரள்கள் ஆவியாகிக் காற்றில் கலப்பதனால்தான். எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றின் தோலில் மிகுந்துள்ள லிமோனீன் பத்துக் கார்பன் அணுக்களைக் கொண்டது; அதன் மூலக்கூறு எடை 136. சந்தனத்தின் ஜீவனாகிய சாண்டலாலும், வெட்டிவேரின் குசிமாலும் பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்டவை, எடை 220. எண்ணிக்கையில் சிறிதாகத் தோன்றும் இவ்வேற்றுமை ஆவியாகும் வேகத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேற்றுமையாக முடிகிறது. ஆகவே பழத்தோல் வாசனை அரைமணியில் பறந்துபோக, கட்டை வாசனையும் வேர் வாசனையும் பொழுது சாயும்வரை நின்று நிலவுகின்றன. கடுங்கோடையில் இக்கனத்த மணங்கள் வியர்வையோடு ஒருசேரக் கிளம்பிப் பக்கத்தில் இருப்பவரைத் திணறடிக்கும். குளிரிலோ அவை சிறிது சிறிதாக, அடக்கத்தோடு வெளிப்படும்.

கட்டை வாசனை என்றதும் நம்மவர் மனம் சந்தனத்தையே நாடும். ஆனால் சாமானியன் ஒருவன் இக்காலத்தில் மெய்யான சந்தன எண்ணெயைப் பூசிக்கொள்வது எளிதன்று. பக்கத்து மரங்களின் வேரைப் பற்றி உணவு உறிஞ்சி வளரும் அம்மரத்தில் வைரம் பாயப் பத்துப் பதினைந்து ஆண்டுகளும், நல்ல எண்ணெய் சேர இன்னும் பல ஆண்டுகளும் வேண்டும். 1916-ல் மைசூரில் அரசாங்கத் தைலசாலை தோன்றியபோது பெருகியிருந்த காட்டுச் சந்தனம் இன்று அருகிவிட்டது. உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அழியும் அபாயத்துக்கு உள்ளானவற்றுள் அதுவும் ஒன்று. தூய எண்ணெயின் விலை கிலோவுக்கு லட்சம் ரூபாயைத் தாண்டிச் செல்ல, சிறு குப்பியில் அற்ப விலைக்குச் சந்தன அத்தர் என்று விற்கப்படுவதில் சந்தனம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதை வாசகரே அனுமானிக்கலாம். இவ்வட்டாரத்து ஏழை எளியவர் கலப்படமற்ற சந்தனத்தின் மணத்தை முகர்வதெல்லாம் பெரும்பாலும் கோயிலில்தான். கிழக்கே உத்தரகோசமங்கையில் மரகத நடராஜருக்கு ஆண்டு முழுவதும் சாத்தியிருக்கும் சந்தனக் காப்பு, மார்கழித் திருவாதிரைக்காக ஒருமுறை களையப்பட்டுப் பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது. அந்தச் சிட்டிகைச் சந்தனத்தைக் காகிதத்தில் மடித்துப் பல மாதம் பேணுவோரின் பக்தியில், அவ்வாசனையின் அருமையும் கலந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

ஆகவே, குளிர்காலத்துக்கு மலிவானதும் மெய்யானதுமான ஆண்மை வாய்ந்த வாசனை எது என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றி வெட்டிவேர் என்பேன். இதைக் கேட்டுப் பலர் வியக்கக்கூடும். ஏனெனில் பானைத் தண்ணீரில் இடுவதும், தட்டியாகப் பின்னி நீர் தெளித்துத் தொங்கவிடுவதும், விசிறியாகக் கட்டி வீசுவதுமாக, நாம் அதைக் கோடைக்கென்றே ஒதுக்கிவிட்டோம். தண்ணீர் பட்ட வெட்டிவேர் தருவது அதன் மேற்போக்கான குளுமையை மாத்திரமே. அதன் அடியில் ஈரமண், காய்ந்த கட்டை, இலேசான புகை ஆகிய மூன்றும் கலந்த ஆழ்ந்த ஒரு மணம் உண்டு. அது எண்ணெயில் இறங்கி, குளிர்ந்த தோலின் மேல் மெல்லச் சூடேறும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. மேனாட்டார் இதை நன்கறிந்திருந்தனர். 1950-களின் பிற்பகுதியில் பாரிசின் கார்வென், கெர்லான், ஜிவான்ஷி ஆகிய மூன்று புகழ்பெற்ற வாசனாதி நிலையங்களும் இவ்வேரின் பெயராலேயே ஆண்களுக்கான திரவியங்களை வெளியிட்டன. அவர்கள் வழிவந்தோர்க்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பங்கை இன்று ஹைத்தி நாடு வடித்து அனுப்புகிறது. நமக்கோ அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை. கடலூர் மாவட்டத்துக் கடற்கரை மணலில் இது பயிராகிறது. ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை மண்ணில் இருந்தபின், ஆழ இறங்கிய வேரை அறாமல் அகழ்ந்தெடுப்பதில்தான் உழவரின் பாடெல்லாம் அடங்கியிருக்கிறது. நூறு கிலோ வேரை நீராவியில் பல மணிநேரம் வடித்தாலும் ஒரு கிலோவை ஒட்டியே எண்ணெய் கிடைக்கும். ஆதலால் தூய எண்ணெய் மலிவானதன்று; வேரோ நாட்டு மருந்துக் கடையில் எவரும் வாங்கத்தக்க விலையில் கிடைக்கிறது.

இக்கரிசல் காட்டு உழவன் களையென்று சபித்துப் பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கிலும் வெட்டிவேரை ஒத்த மணம் ஒன்று உறைகிறது. அதன் நெருங்கிய இனமாகிய நாகர்மோத்தாவின் எண்ணெயை, அகில் வாசனை தரும் விலையுயர்ந்த கலவைகளில் சேர்க்கிறார்கள்.

கடைகளில் கிடைக்கும் மலிவான சென்ட் குப்பிகளை நான் இகழவில்லை. அவற்றில் கட்டை வாசனையாகத் தோன்றுவது பெரும்பாலும் ஐசோ ஈ சூப்பர் முதலிய, ஆலையில் சமைத்த பொருள்களே. அவை வந்திராவிடின் எஞ்சியிருக்கும் சந்தன மரங்களும் வெட்டுண்டிருக்கும். வாங்குவோர் குப்பியைக் கண்டு மயங்காமல், மணிக்கட்டில் ஒரு துளி இட்டு ஒருமணி நேரம் நடந்துவிட்டு, அதன்பின் எஞ்சும் மணம் பிடித்திருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். முதற் கணத்து வாசனை விற்பனைக்கென்றே வைக்கப்படுவது.

வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர்க்கு வழி எளிது. வேரை நன்கு அலசி, வெயிலில் உலர்த்திச் சிறுசிறு துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் இட்டுப் பத்து நாள் வெயிலில் வைத்து வடிகட்ட வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகுமாதலால், மார்கழி விடியலில் அது உதவாது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு இதையே தலையிலும் உடம்பிலும் தேய்த்துக் குளித்தால் மென்மையான மணம் ஒன்று தங்கும். வறண்ட தோலில் எவ்வாசனையும் நில்லாது, எண்ணெய்ப் பசையுள்ள தோலிலேயே நிற்கும். அத்தராக வாங்குவோர், நம் இஸ்லாமியப் பெரியவர்கள் செய்வதுபோல, சிறு பஞ்சில் ஒரு துளி தொட்டுக் காது மடலில் செருகிக்கொள்வது உத்தமம். தாமிரக் கலத்தில் வடித்த வேரெண்ணெய் பச்சை நிறமாயிருக்குமாதலால் அதை வெள்ளை வேட்டியில் படவிடலாகாது. வேட்டிக்கும் துண்டுக்கும் மணமேற்ற வேரே போதும்: ஒரு கைப்பிடியை மெல்லிய துணியில் முடிந்து பெட்டிக்குள் இட்டால் பூச்சியும் அணுகாது. மழை நாளில் வேர் ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆதலால் கார்த்திகையில் வெயில் காணும் நாளெல்லாம் அம்முடிச்சை எடுத்து முற்றத்தில் உலர்த்தி வைக்க வேண்டும்.