ஊர் வாங்கிய மதுச்சாலை!

மதுச்சாலையின் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள், தோழர்களே! கள்ளுக்கடை மறியல் கண்ட நாடு நமது. அந்தக் கண்ணோடு மட்டும் பார்த்தால் இந்தக் கதை விளங்காது. இங்கிலாந்திலே அதற்குப் 'பப்' என்று பெயர். பொது வீடு என்பதன் சுருக்கம். வேலை முடிந்து வரும் தொழிலாளி அங்கே அமர்வான், அரசியல் பேசுவான், பாட்டுக் கேட்பான். குடிப்பான், அதை மறைப்பானேன்? நம்மூர்த் தேநீர்க் கடையையும் படிப்பகத்தையும் ஒன்றாக்கி, ஒரு மேடையும் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒன்று.

இலண்டன் மாநகரின் தென்கிழக்கிலே நன்ஹெட் என்றொரு பகுதி. அங்கே ஸ்டூவர்ட் சாலையில் நிற்கிறது 'ஐவி ஹவுஸ்'. 1930களில் ட்ரூமன் என்னும் மது வடிப்பு நிறுவனம் கட்டியது. மரப்பலகை பதித்த சுவர்கள். பின்கட்டிலே மேடையுடன் கூடிய மண்டபம்.

அந்த மேடைதான் பெயர் வாங்கித் தந்தது. 1970களில் 'நியூலேண்ட்ஸ் டாவர்ன்' என்ற பெயரில் இருந்தபோது, பெரிய அரங்குகளும் பெரும் பணமும் இசையை எளியவனுக்கு எட்டாததாக ஆக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இத்தகைய பப்புகளிலே இளைஞர் குழுக்கள் முழங்கின. 'பப் ராக்' என்றார்கள் அதை. போலியோவால் ஊனமுற்ற இயன் டியூரி இங்கே பாடினார். டாக்டர் ஃபீல்குட் குழு வாசித்தது. பின்னாளில் 'கிளாஷ்' குழுவின் குரலாகி உலகறிந்த ஜோ ஸ்ட்ரம்மரும் இங்கே மேடையேறியவரே.

2012இல் கதவு சாத்தப்பட்டது! இலண்டனில் நிலத்தின் விலை நெருப்பு விலை. பப்பை வாங்குவான், இடிப்பான், அடுக்கு வீடு கட்டுவான், காசை அள்ளுவான். எத்தனையோ பப்புகள் அப்படித்தான் போயின.

நன்ஹெட் மக்கள் சும்மா இருக்கவில்லை. கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கச் செய்தார்கள். 2011இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஒன்றையும் கையில் எடுத்தார்கள். ஊருக்குப் பயன்படும் இடம் என்று நகராட்சி ஒன்றைப் பதிவு செய்துவிட்டால், உடைமையாளர் அதை விற்க முனையும்போது ஊர்க்குழு 'நாங்களும் கேட்கிறோம்' என்று எழுதிக் கொடுக்கலாம். ஆறு மாத அவகாசம் கிடைக்கும். ஊருக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை! கேட்கும் உரிமைதான், பெறும் உரிமையன்று. அந்த அரைகுறைச் சட்டத்தின் கீழ் அந்நாட்டிலேயே முதன்முதலாகப் பதிவான கட்டடம் ஐவி ஹவுஸ்.

ஆறு மாதத்தில் பணத்துக்கு எங்கே போவது? பழங்கட்டடங்களைக் காக்கும் நிதியம் ஒன்று கடன் தந்தது. மானியம் ஒன்றும் கிடைத்தது. மிச்சத்துக்குப் பங்கு வெளியிட்டார்கள். 371 பேர் வாங்கினார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. 2013இல் கதவு திறந்தது, பாட்டும் திரும்பியது!

இதோடு நிறுத்தினால் இனிப்பான கதைதான். ஆனால் 2018ஐச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஊருக்குச் சொந்தமான அந்தப் பப்பிலே கோப்பை கழுவியவனுக்கும் மது ஊற்றியவளுக்கும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதி இல்லை. 'சுழிய மணி ஒப்பந்தம்' என்பார்கள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் பட்டினி. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நால்வரை வேலையிலிருந்து நீக்கினார்கள். முதலாளி யார்? தனி மனிதன் அல்ல. பங்கு வாங்கிய ஊராரின் பெயரால் இயங்கிய நிர்வாகம்!

தொழிலாளர்கள் ரொட்டித் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். வேலையை நிறுத்தினார்கள். ஊர் காப்பாற்றிய கடையின் வாசலிலே ஊர்ப் பிள்ளைகளே மறியலுக்கு நின்றார்கள். பங்குதாரருக்கு எத்தனை சங்கடம்! எந்தப் பக்கம் நிற்பது?

சில நாட்களே நடந்தது போராட்டம். நிர்வாகம் இறங்கி வந்தது. நால்வரும் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டனர், சங்கத்துக்கு ஏற்பு கிடைத்தது, உறுதியான மணி நேரத்தோடு ஒப்பந்தம் தரவும் நிர்வாகம் இசைந்தது.